விபத்தில்லாத ஆண்டு

நவம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பொடிசு எழுதுவது. நாங்கள் இருவரும் சௌக்கியம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

ஒரு நல்ல செய்தி. எங்கள் தொழிற்சாலையில் ஓர் ஆண்டு முழுக்க ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை. நூற்று நாற்பது ஆட்கள், பதினெட்டு பிரஸ் எந்திரங்கள், ஒவ்வொன்றும் தகட்டிலிருந்து கார் கதவை ஒரே குத்தில் வெட்டி எடுப்பது. நான் பாதுகாப்பு அதிகாரியாகச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒருவருடைய நான்கு விரல்கள் கையுறையோடு போனதைச் சொல்லியிருக்கிறேன் அல்லவா? அந்தக் கையுறையைப் பொறுக்கி எடுத்தது நான்தான். உள்ளே விரல்கள் இருந்ததால் கனத்தது. அதற்குப் பிறகு எந்தச் சுவரைப் பார்த்தாலும் என் பலகைதான். கையை வைக்காதே, குனியாதே, இந்தப் பக்கம் வராதே. "விட்டா எங்க நெத்தியிலயும் ஒரு பலகை மாட்டிருவீங்க மேடம்" என்று ஆட்கள் கிண்டல் செய்கிறார்கள்.

நேற்று முதலாளி எல்லாரையும் கூட்டி வைத்து அறிவித்தார். பரிசாக எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பனிமலையில் ஒரு வாரம்! பெரிய இடத்து ஆட்கள் தங்கும் விடுதியாம், பனிச்சறுக்கு எல்லாம் உண்டாம். பிப்ரவரியில் போகிறோம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவருக்கு டிரைவிங் ஸ்கூலில் வேலை அதிகம். என் போன் கீழே விழுந்து உடைந்துவிட்டது. ஹாஸ்டலில் இருந்த காலம் போல் கொஞ்ச நாள் கடிதமே எழுதுவோம். தொழிற்சாலை விலாசத்துக்குப் போடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பொடிசு

நவம்பர் 15

அன்புள்ள பொடிசுக்கு,

அக்காவின் ஆசிகள். என் முதுகு இருந்த இடத்தில்தான் இருக்கிறது, வலியும் அங்கேயேதான்.

பூங்காவில் சறுக்குமரத்தின் உச்சியில் ஏறி, இறங்க மாட்டேன் என்று ஊரைக் கூட்டியவளுக்குப் பனிச்சறுக்கா! மாவுக்கட்டு அறையில் நின்றபடியே படித்துச் சிரித்துவிட்டேன். சாரத்திலிருந்து விழுந்து இரண்டு குதிகாலும் நொறுங்கிப்போன ஒருவர் கட்டுக்காகப் படுத்திருந்தார். "ஏன் சிஸ்டர், என் காலப் பாத்தா உங்களுக்குச் சிரிப்பா வருதா?" என்று கேட்டார். மன்னிப்புக் கேட்டுக் கட்டுப் போட்டேன்.

பத்தொன்பது வருஷமாக உடைந்த எலும்புகளைப் பார்க்கிறவள் சொல்கிறேன். இந்த விளையாட்டில் போவது முழங்காலும் மணிக்கட்டும். விழும்போது கையை ஊன்றாதே, பக்கவாட்டில் சாய்ந்துவிடு. சொல்லிக்கொடுக்க ஆள் இருப்பார்கள், இரண்டு பேரும் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள்.

இது இந்த வருஷத்தில் உடைகிற மூன்றாவது போன். உன் தொழிற்சாலையில் ஓர் ஆணிகூடக் கீழே விழாது, வீட்டில் மட்டும் எப்படி விழுகிறது? மாப்பிள்ளைக்கு இந்தப் பரிசு சந்தோஷம்தானே? அவரைப் பற்றி ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டாய்.

பதில் போடு.

அக்கா

டிசம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. இடது கையில் மாவுக்கட்டு. தாளை அழுத்திப் பிடிக்க முடியாமல் எழுத்து கோணுகிறது.

போன மாதக் கடைசியில் பாராட்டு விழா நடந்தது. முதலாளி மைக்கில், "மேடத்தோட வீட்டுக்காரரும் வந்திருக்கார். எழுந்திரிங்க சார்! மேடம் புண்ணியத்துல நீங்களும் மலை ஏறப் போறீங்க" என்றார். எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். அவரும் எழுந்து நின்று சிரித்தார். விழா முடிந்து காரில் வீடு திரும்பினோம். வீட்டு வாசலில் காரைவிட்டு இறங்கும்போது வழுக்கி விழுந்துவிட்டேன், அவ்வளவுதான். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பு இரண்டாகப் போயிருக்கிறது. ஆறு வாரத்தில் சரியாகிவிடுமாம், பயணத்துக்குத் தடை இல்லை.

தொழிற்சாலைப் பதிவேட்டில் "வீட்டில் நேர்ந்தது" என்று நானே எழுதிவிட்டேன். அதனால் எங்கள் விபத்தில்லாத ஆண்டுக்குக் கேடு வரவில்லை.

நீ கவலைப்படுவாய் என்று தெரியும். படாதே.

பொடிசு

டிசம்பர் 16

பொடிசு,

உன் நலத்தை விசாரிக்கத்தான் இந்தக் கடிதம். வேறு எதற்கும் இல்லை.

என் காதில் பூச் சுற்றாதே. வழுக்கி விழுகிறவள் உள்ளங்கையை ஊன்றுவாள், மணிக்கட்டு போகும். தோள் போகும். நீ சொல்கிற எலும்பு அந்த இடத்தில் தனியாக உடைவதை நான் நூறு தடவையாவது பார்த்திருப்பேன். தலையில் விழப்போகும் அடியைத் தடுக்கக் கையைத் தூக்கும்போது அது உடையும். லத்தியில், விறகுக்கட்டையில், நாற்காலிக் காலில். வருகிறவர்கள் எல்லாரும் உன்னைப் போலவே வழுக்கி விழுந்ததாகத்தான் சொல்வார்கள். கூட வந்த ஆள் பக்கத்தில் நின்று ஆமாம் போடுவான்.

எங்கள் அறையில் ஒரு பதிவேடு இருக்கிறது. இப்படி ஒரு கை வந்தால் அதில் எழுதிப் போலீஸுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். முகம் தெரியாத எத்தனையோ பெண்களுக்கு எழுதியிருக்கிறேன். உன் ஊர் ஆஸ்பத்திரியில் யாரும் கேட்கவில்லையா? எதனால் அடித்தார்? எத்தனை நாளாக நடக்கிறது? சொல். நான் கிளம்பி வந்து கையோடு உன்னைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அந்த மலைக்குப் போகாதே.

அக்கா

டிசம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கழிவறையில் வைத்துக் கிழித்துப் போட்டேன். நீ நலமாக இருக்க வேண்டும், எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

ஸ்டியரிங்கைப் பூட்டுகிற இரும்புத் தடியால் அடித்தார். மூன்று அடி. முதல் அடியில் கை போயிற்று, மற்ற இரண்டும் முதுகில். "யாரோட புண்ணியத்துலடி நான் மலை ஏறணும்?" என்று கேட்டுக்கேட்டு அடித்தார். எத்தனை நாளாக என்று கேட்காதே, அக்கா.

மறுநாள் அவரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். இப்போது ஒரு வேலைகூடச் செய்ய விடுவதில்லை. மலைக்கு என்று எனக்குக் கையுறையும் கம்பளித் தொப்பியும் வாங்கி வந்திருக்கிறார். புது இடம், நாங்கள் இரண்டு பேர் மட்டும், ஒரு வாரம். எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றுகிறது.

போலீஸில் சொன்னால் அவருடைய ஸ்கூல் லைசென்ஸ் போய்விடும். தொழிற்சாலையில் நான் எப்படி முகத்தைக் காட்டுவேன்? எல்லாருடைய கையையும் காப்பாற்றினவள் தன் கையைக் காப்பாற்றவில்லை என்று பேச மாட்டார்களா? நீ யாரிடமும் சொல்லக்கூடாது. அம்மா மேல் சத்தியம் செய்து கடிதம் போடு.

பொடிசு

ஜனவரி 7

பொடிசு,

நான் நலமாக இல்லை. சாப்பாடு இறங்கவில்லை.

அம்மா மேல் சத்தியம், சொல்ல மாட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். காலைப் பிடித்து அழுகிறவர்களையும் எங்கள் அறை வாசலில் பார்த்திருக்கிறேன். அடுத்த முறை அதே ஆள் அதே பெண்ணோடு வருவான், வேறு எலும்பு.

மலையில் கை ஓங்கினால் அந்த நிமிஷமே விடுதி ஆட்களைக் கூப்பிடு. விடுதிப் போனிலிருந்து என்னைக் கூப்பிடு. எந்த நேரமானாலும் எடுப்பேன்.

அக்கா

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மலையடிவாரத்து ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். படுத்திருப்பது அவர்.

விடுதி நினைத்ததைவிடப் பெரிது. மரத்தரை, வெறுங்காலில் நடந்தால் உள்ளிருந்து சூடு வரும். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. தொட்டியில் வெந்நீரில் உட்கார்ந்து வெளியே பனி விழுவதைப் பார்க்கலாம். முதல் நாள் நன்றாகத்தான் போயிற்று. இரண்டாம் நாள் சறுக்கு சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வந்தாள். அவர் மாட்டேன் என்றுவிட்டார். "ஆயிரம் பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்குடுத்தவன் நான். எனக்கு இவ பிரேக் போடச் சொல்லிக்குடுக்கிறாளா?" என்றார். நான் கற்றுக்கொண்டேன். உன்னால் நம்ப முடியாது, மூன்றாம் நாள் விழாமல் இறங்கினேன். அவர் பத்தடிக்கு ஒரு தடவை விழுந்தார். கீழே வரிசையில் நின்றவர்கள் பார்த்துச் சிரித்தார்கள்.

அன்றைக்கே மேலே போகும் தொங்கு நாற்காலியில் என்னை உச்சிக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு சரிவை மூடி வைத்திருந்தார்கள். காற்றில் எச்சரிக்கைப் பலகையும் கயிறும் சாய்ந்து கிடந்தன. அவர் கவனிக்காமல் அதில் இறங்கிவிட்டார். கண் மூடித் திறப்பதற்குள் வேகம் பிடித்துவிட்டது. நடுவில் பாறைகள். முதல் பாறையில் அவர் காலில் மாட்டியிருந்த சறுக்குக் கட்டைகள் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்புறம் கேட்டது கட்டை முறிகிற சத்தம் இல்லை. பாறைகள் அவரை மூன்று முறை தூக்கி எறிந்தன. நான் போய்ச் சேர்ந்தபோது இடது காலின் எலும்பு பூட்ஸுக்கு மேலே துணியைக் கிழித்து வெளியே நின்றது. பனி முழுக்க ரத்தம், ஆவி பறந்தது. இடுப்பும் இரண்டு காலும் போயின. பிழைத்துவிட்டார்.

என் உதட்டில் நான்கு தையல், ஒரு பல் இல்லை. நானும் விழுந்தேன் என்று வைத்துக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள் அக்கா.

பொடிசு

மார்ச் 2

பொடிசு,

உன் உதடு ஆறிவிட்டதா? தையல் பிரித்தார்களா?

பல்லைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை, எனக்குத் தெரியும். வேறு ஒன்று கேட்கிறேன். பஸ்ஸில் போனால்கூட அவசரக் கதவின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு உட்காருகிறவள் நீ. சாய்ந்து கிடந்தால் என்ன, அந்தப் பலகை உன் கண்ணில் படாமல் போயிருக்காது. அவரிடம் சொன்னாயா?

சொல்லாவிட்டாலும் நான் உன்னைத் திட்ட மாட்டேன். ஆனால் இனி அந்த வீட்டில் இருக்காதே. அவரால் எழுந்து வந்து உன்னைத் தடுக்க முடியாது. வாசல் திறந்திருக்கிறது. அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துவிட்டு இங்கே வா. என் அறையில் இன்னொரு கட்டில் போடலாம்.

எதிர்பார்த்திருக்கும்,
அக்கா

ஏப்ரல் 26

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இரண்டு மாதமாகப் பதில் போடாதது சோம்பலால் இல்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. தொழிற்சாலையில் விபத்து நடந்தால் எப்படி எழுதுவேனோ அப்படியே எழுதிவிடுகிறேன்.

இடம்: மலை உச்சி. நேரம்: காலை பதினொன்றரை. சாட்சி: இல்லை. "ஊரே பாத்துச் சிரிக்க வச்சுட்டேல்ல" என்று சறுக்குக் கோலால் அடித்தார். முதல் அடி ஹெல்மெட்டில். இரண்டாவது வாயில். பல் பனியில் விழுந்தது. எதற்கென்று தெரியவில்லை, மண்டிபோட்டு அந்தப் பல்லைத் தேடினேன். அடி முதுகில் விழுந்துகொண்டே இருந்தது. அப்போதுதான் பலகையைப் பார்த்தேன். பாதி பனியில் புதைந்திருந்தது. சரிவு மூடப்பட்டது, பாறைகள் என்று எழுதியிருந்தது. அடித்துக் களைத்துப்போய் மூச்சு வாங்கிக்கொண்டே, "இந்தப் பக்கம் போலாமா? திறந்திருக்கா பாரு" என்று கேட்டார். படித்துச் சொல்வது எப்போதும் என் வேலை. எங்கே போனாலும் அவர் படிக்கவே மாட்டார்.

"திறந்துதாங்க இருக்கு" என்றேன்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கு முந்தைய ஐந்து நிமிஷத்தையும் சொல்ல வேண்டும். பலகையைத் தானே கவனிக்கவில்லை என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறார்.

அங்கே வரச் சொன்னாய். வர வேண்டியதில்லை, அக்கா. வீடு இப்போது அமைதியாக இருக்கிறது. எனக்குப் பயமே இல்லை, நன்றாகத் தூங்குகிறேன். தண்ணீர் வேண்டுமென்றால் அவர் என்னைத்தான் கேட்க வேண்டும். கேட்கிற விதமும் மாறிவிட்டது. போன வாரம் கட்டிலிலிருந்து விழுந்து வலது கை உடைந்துவிட்டது. அதுவும் ஆறு வாரத்தில் சேர்ந்துவிடும்.

முதுகுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொள்.

பொடிசு

மே 9

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். நீங்கள் நலம்தானே? உங்கள் தங்கையின் கணவன் எழுதுவது. இடது கையால் எழுதுவதால் எழுத்து இப்படி இருக்கிறது. காலையில் உடற்பயிற்சி கொடுக்க வருபவரிடம் இதை ரகசியமாகக் கொடுத்தனுப்புகிறேன். அவரிடம் ஒரு வீட்டுச் சாவி இருக்கிறது. என்னிடம் இப்போது போன் கிடையாது.

அவள் எல்லாரிடமும் சொல்வது போல் நான் கட்டிலிலிருந்து விழவில்லை. கட்டிலுக்கு இரண்டு பக்கமும் கம்பி இருக்கிறது, விழ முடியாது. அந்த மலையிலிருந்து ஒரே ஒரு கோலை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாள், நான் அவளை அடித்த கோல். சூப் ஆறிப்போயிருக்கிறது என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். தலையில் விழ வந்ததைக் கையால் தடுத்தேன். இப்போது தினமும் எதற்காவது அடி விழுகிறது. காலில் கம்பி பொருத்திய இடத்தில் அழுத்துகிறாள். அவள் கத்துவதில்லை, முகத்தில் கோபம்கூட இல்லை. வேலையிலிருந்து வந்து பையை மாட்டிவிட்டு, கை கழுவிவிட்டு வருவாள். குழாய்ச் சத்தம் கேட்டாலே கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன்.

நான் செய்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தப்புதான். யோக்கியன் என்று சொல்லிக்கொள்ள வரவில்லை. ஆனால் அவள் என்னைக் கொன்றுவிடுவாள், அண்ணி. நீங்கள் சொன்னால்தான் கேட்பாள்.

தங்கள்,
மாப்பிள்ளை

மே 15

என் பொடிசுக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. உன் தொழிற்சாலை வாசலில், காவலாளியின் மேஜையில் வைத்து எழுதுகிறேன். அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். நேரே உன் முகத்தைப் பார்த்தால் எனக்குச் சொல்ல வராது.

மாப்பிள்ளை எனக்கு எழுதினார். அவர் எழுதாமலே இருந்தாலும் உன் கடிதம் போதும். எந்த எலும்பு என்று நீ சொல்லவில்லை. டிசம்பரில் எல்லாவற்றையும் சொன்னவள் இப்போது சொல்லவில்லையே என்று பார்த்ததும் சந்தேகம் வந்துவிட்டது. நேற்று இந்த ஊருக்கு வந்து, அவருக்குக் கட்டுப் போட்ட இடத்தில் எக்ஸ்ரே படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். சுண்டுவிரல் பக்கம், நடுவில். உன் கையைப் போலவே.

அந்த ஆளுக்காக என் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. கால் இரண்டும் போனது என்று கேட்டபோது உள்ளுக்குள் சந்தோஷப்பட்டவள்தான் நான். ஆனால் வேலைவிட்டு வந்து, கை கழுவிவிட்டு, கோபமே இல்லாமல் ஒருவரை அடிக்கிறாளே ஒருத்தி, அவளை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த பொடிசு அடுத்தவன் விரல் இருந்த கையுறையை எடுத்துவிட்டு மூன்று நாள் சாப்பிடாதவள். அவளை இழக்க என்னால் முடியாது.

இன்று காலை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். இரண்டு கையையும் சொன்னேன். நவம்பரில் உடைந்த உன் கை, ஏப்ரலில் உடைந்த அவர் கை. ஸ்டியரிங் தடி, சறுக்குக் கோல், உன் பல், எல்லாம் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த அதிகாரி, "யார் மேலம்மா புகார்?" என்று கேட்டார். இரண்டு பேர் மேலும் என்றேன். "அந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன வேணும்?" என்றார். கூடப் பிறந்தவள் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். மலையில் நீ சொன்ன அந்த வார்த்தையை மட்டும் நான் சொல்லவில்லை. அதைச் சொல்வதா வேண்டாமா என்பது உன்னிடம்தான் இருக்கிறது.

இந்நேரம் உன் வீட்டிலிருந்து மாப்பிள்ளையை ஆம்புலன்ஸில் ஏற்றியிருப்பார்கள். சாவி வைத்திருப்பவர்தான் திறந்துவிட்டார். பன்னிரண்டு மணிக்கு உன்னைக் கூட்டிப்போக ஒரு பெண் போலீஸ் வருவார். ஒரு மணி நேரம் அவகாசம் கேட்டு வாங்கியிருக்கிறேன். வக்கீலிடம் பேசிவிட்டேன். நீ எங்கே போனாலும் கூடவே வருவேன். உள்ளே வைத்தாலும் ஒவ்வொரு வாரமும் வந்து பார்ப்பேன்.

நான் முதல் தடவையே சொல்லியிருக்க வேண்டும். சத்தியத்தைக் காப்பாற்றுகிறேன் என்று உன்னைக் கைவிட்டுவிட்டேன். இப்போது அந்தச் சத்தியத்தையும் மீறிவிட்டேன். உனக்கு என் மேல் ஆத்திரம் வரும். வரட்டும். வெளியே வந்து என்னை அடிக்க வேண்டுமென்றால் அடி, பொடிசு. நான் கையைத் தூக்கித் தடுக்க மாட்டேன்.

படித்து முடித்ததும் வா. வாசலில்தான் நிற்கிறேன்.

அக்கா